பெட்ரோசாவின் முன்சக்கரம்

வணக்கம் நேயர்களே. ஸ்பெயின் பைக் ரேஸ் வீரர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்றதும், இவர் மார்க் மார்க்கெஸைத்தான் பேசப்போகிறார் என்று இங்கே பலரும் முடிவு கட்டியிருப்பார்கள். அவரைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு டானி பெட்ரோசாதான் வேண்டும்.

2012 செப்டம்பர், இத்தாலியில் மிசானோ. பெட்ரோசா ஸ்டார்ட் வரிசையில் முதல் இடத்தில் நிற்கிறார், சாம்பியன்ஷிப்பில் முன்னால் இருக்கிற ஹோர்ஹே லொரென்ஸோவைவிட வெறும் 13 புள்ளிதான் குறைவு, கடைசியாக நடந்த இரண்டு ரேஸையும் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறார். கிளம்பப்போகிற நேரத்தில் இன்னொருவரின் பைக் நின்றுபோகிறது, ஸ்டார்ட்டைத் தள்ளிவைக்கிறார்கள். சரி, எல்லோரும் மறுபடி டயருக்குப் போர்வை சுற்றுகிறார்கள். ரேஸ் டயர் ஆறிப்போனால் ரோட்டில் ஒட்டாது, அதனால் கிளம்புகிற வரைக்கும் மின்சாரப் போர்வையைச் சுற்றிச் சூடாகவே வைத்திருப்பார்கள். இப்போது அதைக் கழற்ற வேண்டும். பெட்ரோசாவின் முன்சக்கரத்தில் மட்டும் போர்வை மாட்டிக்கொண்டது. மெக்கானிக்குகள் குனிந்து இழுக்கிறார்கள், வரவில்லை, சக்கரமும் சுற்ற மாட்டேன் என்கிறது, கடைசியில் பைக்கையே ஸ்டார்ட் வரிசையை விட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். ஒருவழியாக விடுவித்தார்கள். ஆனால் விதிப்படி கடைசி வரிசையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். கிளம்பினார், முதல் சுற்றிலேயே எக்டர் பார்பெரா வந்து மோதினார், கதை முடிந்தது. லொரென்ஸோ ஜெயித்து 25 புள்ளி வாங்கினார், 13 என்பது 38 ஆகிவிட்டது.

அந்த வருஷம் பெட்ரோசா 7 ரேஸ் ஜெயித்தார், லொரென்ஸோ 6. சாம்பியன் யார்? லொரென்ஸோ. அவருக்கு 350 புள்ளி, இவருக்கு 332. ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் முன்னால் போய்க்கொண்டிருந்த பெட்ரோசா தானாகவே விழுந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும், எல்லாப் பழியையும் போர்வை மேல் போட முடியாது. ஆனால் என்னைக் கேட்டால் அந்தப் பட்டம் நழுவியது மிசானோவில்தான்.

இவர் 1985-ல் பார்சிலோனா பக்கத்து ஊரான சபாடெலில் பிறந்தவர். 2003-ல் 125 சிசி உலகப் பட்டம், அடுத்த வாரமே பிலிப் தீவில் விழுந்து இரண்டு கணுக்காலும் உடைந்தன. இதோடு ஒரு வருஷம் போச்சு என்றுதானே நினைப்போம்? 2004-ல் 250 சிசிக்கு வந்து முதல் ரேஸையே ஜெயித்தார், அந்தப் பட்டத்தையும் எடுத்தார், 2005-ல் இன்னொரு முறையும் எடுத்தார். 2006-ல் ஹோண்டாவோடு எல்லாவற்றுக்கும் மேலான பிரிவான மோட்டோஜிபி, நான்காவது ரேஸிலேயே ஷாங்காயில் வெற்றி.

அதே 2006-ல் போர்ச்சுகலின் எஸ்டோரிலில் ஒரு வேண்டாத வேலையும் செய்தார். சொந்த அணிக்காரரான நிக்கி ஹேடன் பட்டத்துக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது உள்பக்கமாக நுழையப்போய் இரண்டு பேரும் சேர்ந்து மணலில் விழுந்தார்கள். ஹேடன் எழுந்து கையை ஆட்டிக் கத்தியதை நான் இன்னும் மறக்கவில்லை. நல்லவேளை, அடுத்த ரேஸில் பட்டத்துக்குப் போட்டியாக இருந்த வாலண்டினோ ரோஸி விழுந்ததால் ஹேடன் 5 புள்ளியில் பட்டம் வாங்கினார். அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் பெட்ரோசாவை ஹோண்டாக்காரர்கள் என்ன செய்திருப்பார்களோ!

அப்புறம், அவருடைய உடம்பு. சுமார் ஐந்தேகால் அடி உயரம், 51 கிலோ. எடை குறைவு, அதனால் நேர்ப்பாதையில் பறக்கிறார், அது அவருக்கு அநியாயமான சலுகை என்று வருஷக்கணக்காகப் புலம்பினார்கள். ஸ்டார்ட்டில் அம்பு மாதிரி கிளம்புவார், உண்மைதான். ஆனால் மறுபக்கத்தைப் பாருங்கள். 2012-ல் பைக்கின் குறைந்தபட்ச எடையே 157 கிலோ. ரேஸ் பைக்கைப் பாதி திருப்புவது உடம்புதான்: வளைவில் தொங்குவதும், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அமுக்குவதும், வெளியே வரும்போது பின்டயர் மேல் பாரத்தைப் போடுவதும். பாரம் போட்டால்தான் டயர் சூடாகும், சூடானால்தான் பிடிக்கும். குளிரிலும் ஈரத்திலும் மற்றவர்கள் டயர் வேலை செய்யும்போது இவருடையது கண்ணாடி மேல் போவது போல வழுக்கும். எழுபது கிலோக்காரர் இடுப்பை அசைத்துச் செய்கிற காரியத்தை இவர் முன்கூட்டியே, நுணுக்கமாக, பைக்குக்குச் சொல்லிவைக்க வேண்டியிருந்தது. வளைவிலிருந்து பைக்கை அவர் நிமிர்த்துகிற விதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பு உள்ளேயே தொங்கும், பைக்கை மட்டும் தள்ளி நிமிர்த்திவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகுவார், டயரின் நடுப்பகுதி ரோட்டில் உட்கார்ந்துவிடும். கத்துக்குட்டிகள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற இடம் அது.

விழுந்தால் உடைவதும் இவருக்குத்தான். 2010-ல் லொரென்ஸோவைத் துரத்திக்கொண்டிருந்தபோது ஜப்பானின் மோட்டேகியில் ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டு விழுந்து காறை எலும்பு முறிந்தது. அடுத்த வருஷம் பிரான்ஸின் லெ மான்ஸில் சக வீரர் சிமோன்செல்லியோடு உரசி இன்னொரு பக்கத்துக் காறை எலும்பு.

மொத்தம் 54 வெற்றி, அதில் 31 மோட்டோஜிபியில். 2002 முதல் 2017 வரை ஒரு வருஷம்கூட வெற்றி இல்லாமல் போகவில்லை. 2018-ல்தான் கை காலியாக இருந்தது, அத்தோடு ஓய்வு என்றார். மோட்டோஜிபி பட்டம் மட்டும் வரவே இல்லை. பட்டம் இல்லாதவர் பெரிய வீரரா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். இந்த ஆளோடு மோதி ஜெயிக்கத்தான் ரோஸியும் ஸ்டோனரும் லொரென்ஸோவும் அவ்வளவு பாடுபட்டார்கள், எனக்கு அது போதும்.

ஓய்வுக்குப் பிறகு கேடிஎம் இவரை டெஸ்ட் ரைடராக வைத்துக்கொண்டது. வண்டியை ஓட்டிப் பார்த்து இன்ஜினியரிடம் குறை சொல்கிற வேலை. 2023 செப்டம்பரில், 38 வயது ஆக மூன்று வாரம்கூட இல்லாதபோது, விருந்தாளியாக ஒரு ரேஸ் ஓட்ட வந்தார். இடம் அதே மிசானோ. சனிக்கிழமை குறும்போட்டியில் நான்காவது. ஞாயிற்றுக்கிழமை பெரிய ரேஸில், அப்போதைய உலக சாம்பியன் பன்யாயாவைக் கடைசிச் சுற்று வரைக்கும் விரட்டி மறுபடியும் நான்காவது. அன்றைக்கு டயர் போர்வை ஒழுங்காகக் கழன்றது.