ஜூலை 19-ஆம் தேதி யார் வருவார்கள்?

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில் டொங்காட் ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் ஹைஸ்கூல் டீச்சராக இருந்தவள், கணக்கும் லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடமும் எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பள்ளியின் சேவை கிளப்பை மட்டும் விட மனசு வரவில்லை, அதனால் வியாழக்கிழமை மதியம் ஆனால் இன்னும் அந்தப் பிள்ளைகளோடுதான் இருப்பேன். ரேடியோ நிலையத்திலிருந்து கூப்பிட்டு, பிள்ளைகளும் சமூக சேவையும் என்று பத்து நிமிஷம் பேசுங்கள் அக்கா, தமிழில் பேசுங்கள் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். என் தமிழ் ஆயா, அதாவது பாட்டி, வீட்டில் பேசியதும் கோயில் வகுப்பில் எழுதப் படித்ததும் கலந்த தமிழ், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போர்வையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகள் போகும் முதியோர் இல்லத்தில் சாமான் வைக்க ஒரு சின்ன அறை இருக்கிறது. மண்டேலா நாளான ஜூலை 18 சாயங்காலம் அந்த அறையின் கதவைச் சாத்த முடியாது. அவ்வளவு போர்வை. காலையிலிருந்து பள்ளிக்கூடம், பேங்க், கடை, கட்சி என்று வரிசையாக வந்து, ஆளுக்கு ஒரு போர்வையும் ஒரு கப் சூப்பும் கொடுத்து, சக்கர நாற்காலியில் இருக்கும் அதே நாலு தாத்தாக்களோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு தாத்தா அன்று ஐந்து முறை சூப் குடித்ததாகச் சொன்னார். வேண்டாம் என்று சொன்னால் வந்த பிள்ளைகளுக்கு மனசு கஷ்டமாக இருக்குமே என்று குடித்தாராம்! யார் யாருக்குச் சேவை செய்தார்கள் என்று எனக்கு அன்றைக்குக் குழப்பமாகிவிட்டது.

மண்டேலா நாளை நான் குறை சொல்லவில்லை. ஐ.நா. சபை 2009-இல் அறிவித்த நாள் அது. 1942-இலிருந்து 67 வருஷம் அவர் மக்களுக்காக உழைத்தார், அவர் பிறந்தநாளில் நாம் 67 நிமிஷமாவது கொடுப்போம் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் கணக்கு டீச்சர் புத்தி சும்மா இருக்குமா, அவருடைய ஒரு வருஷத்துக்கு நம்முடைய ஒரு நிமிஷம் என்ற வட்டிவிகிதத்தில் நாம் ரொம்ப லாபமாக இருக்கிறோமே என்று ஒவ்வொரு ஜூலையும் தோன்றும். ஜூலை 19-ஆம் தேதி அந்த இல்லத்துக்குப் போய்ப் பாருங்கள், ஓர் ஆள் இருக்க மாட்டார்கள். நவம்பரில் கேட்கவே வேண்டாம்.

எங்கள் கிளப்பும் அப்படித்தான் ஆரம்பித்தது. மறைக்க என்ன இருக்கிறது? முதல் தடவை இருபது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு கீபோர்டு, இரண்டு தட்டு கேக், ஒரு தட்டு ஜிலேபியோடு போனோம். மதியம் இரண்டரை மணி. அது அவர்கள் தூங்கும் நேரம் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுப்பி, உட்காரவைத்து, பாட்டுப் பாடினோம். ஒரு தாத்தா காதில் இருந்த மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாதிப் பேருக்குச் சுகர், சிஸ்டர் வந்து மூன்று தட்டையும் வாங்கிக்கொண்டு, 'டீச்சர், உங்களுக்குமா தெரியாது?' என்று ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளைகள் எல்லாம் ரொம்ப சந்தோஷமாக இருந்தார்கள், அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

அடுத்த வாரம் ஐந்து பேர்தான் வந்தார்கள். கேக் இல்லை, கீபோர்டு இல்லை. மேட்ரன் கதவைத் திறந்து, மறுபடியுமா என்று கேட்டார், கோபமாக இல்லை, நிஜமாகவே ஆச்சரியமாக. அன்றைக்குத்தான் உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதன்முதலாகக் கேட்டோம். நகம் வெட்ட ஆள் வேண்டும் என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இருக்கும் சிஸ்டர்கள் குளிப்பாட்ட வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், படுக்கை மாற்ற வேண்டும், இதில் எண்பது வயதுக் கை நகங்களை ஒவ்வொன்றாக வெட்ட யாருக்கு நேரம்? சுகர் இருப்பவர்களின் கால் நகத்தை மட்டும் நாங்கள் தொடக்கூடாது, சின்னக் காயமும் புண்ணாகிவிடும், அதைச் சிஸ்டர்தான் பார்ப்பார். மற்றவர்களுக்குப் பிள்ளைகள் வெட்டுவார்கள். ஒவ்வொரு கையாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பத்து விரலுக்கும் நகம் வெட்ட இருபது நிமிஷம் ஆகும், அந்த இருபது நிமிஷத்தில் கை கொடுத்தவர் சும்மா இருப்பாரா? டொங்காட்டின் பழைய கதையெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி வந்ததுதான்.

அப்புறம் மற்றதும் தெரிய வந்தது. கண்ணாடியின் ஆணி கழன்றிருக்கும், காது மெஷினுக்குப் பேட்டரி தீர்ந்திருக்கும், ஃபோனில் வந்த மெசேஜ் பேங்க் அனுப்பியதா திருடன் அனுப்பியதா என்று தெரியாமல் ஒரு ஆயா மூன்று நாள் பயந்துகொண்டிருப்பார். எல்லாம் பதினைந்து வயதுப் பிள்ளை ஐந்து நிமிஷத்தில் செய்கிற வேலை. ஆனால் வாராவாரம் போனால்தான் இது கண்ணில் படும்.

ஒரு ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரும்புத் தோட்டத்து பாரக்ஸில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், பிறந்தவர். அந்தக் காலத்துத் தோட்டத்து ஆட்கள் போல முதலில் தமிழ், அப்புறம் ஜூலு, ஆங்கிலம் கடைசியாக வந்தது. மறதி நோய் வந்தபோது கடைசியாக வந்தது முதலில் போயிற்று. எங்கள் பிள்ளைகளில் தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் நிறைய, நாயுடு, பிள்ளை, கவுண்டர் என்று வீட்டுப் பெயரும் இருக்கிறது, ஆனால் அந்த ஆயா தண்ணீர் கேட்டால் ஒருவருக்கும் புரியாது. பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. பேசாமல் விட்டது நாம்தானே. அப்போது பத்தாம் வகுப்பில் ஒரு ஜூலு பெண் கிளப்பில் சேர்ந்தாள். உள்ளே போய் 'சாவுபோனா கோகோ' என்றாள், வணக்கம் பாட்டி என்று அர்த்தம். ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தார். 'யெபோ' என்று ஆரம்பித்தவர் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. மேட்ரன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஆயா பேசி அவர் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அந்தப் பெண் ஜூலுவில் கேட்டுக் கேட்டு அவரிடமே தமிழும் கற்றுக்கொண்டாள். தண்ணி வேணுமா, வலிக்குதா, படுத்துக்கிறீங்களா, இவ்வளவுதான், ஆனால் 'ழ' கூட வந்துவிட்டது அவளுக்கு. இப்போது எங்கள் நாயுடு பையன்களுக்கு அவள்தான் தமிழ் டீச்சர். கோயில் வகுப்பில் பல வருஷம் என்னால் செய்ய முடியாததை வியாழக்கிழமை மதியத்தில் அவள் செய்துகொண்டிருக்கிறாள், கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் பெரியவர்கள் யாராவது தில்லையாடி வள்ளியம்மையைச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். பதினைந்து வயதில் காந்தியின் சத்தியாகிரகத்தில் ஜெயிலுக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914-இல் இறந்துபோன பெண். மேடையில் அவளைச் சொன்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள், ஆனால் ஜெயிலுக்குப் போகிற அளவு தைரியம் நமக்கு இல்லை என்று மனசுக்குள் முடிவும் செய்துவிடுவார்கள். அதனால் நான் பள்ளிக்கூடக் கதையைத்தான் சொல்வேன். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து இந்தியத் தொழிலாளர்களின் முதல் கூட்டம் இங்கே வந்து இறங்கியது. அதற்கப்புறம் ரொம்ப காலம் இந்தியப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் போதுமான பள்ளிக்கூடம் கட்டவில்லை. ஊரார் பணம் சேர்த்தால் அரசாங்கம் ஒரு பங்கு போடும் என்ற ஏற்பாட்டில் நம் ஆட்கள்தான் எங்கள் நேட்டால் மாகாணம் முழுக்கக் கட்டினார்கள். என் அம்மா படித்தது அப்படி ஒரு பள்ளியில். கரும்பு வெட்டிவிட்டு வந்து செங்கல் சுமந்தவர்கள் எத்தனை மணி நேரம் என்று யாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்க மாட்டார்கள்.

கையெழுத்து என்றதும் ஞாபகம் வருகிறது. மெட்ரிக், அதாவது பள்ளியின் கடைசி வருஷம், ஆகஸ்ட் ஆனால் போதும், ட்ரையல் பரீட்சை என்று கிளப் பக்கம் தலைவைக்காத பிள்ளைகள் எல்லாம் ஒரு ஃபாரத்தோடு வருவார்கள். யூனிவர்சிட்டிக்கு, பர்சரி என்ற உதவித்தொகைக்கு, சேவை செய்ததாகக் காட்ட வேண்டும். ஒரு பையன் நாற்பது மணி நேரம் என்று அவனே எழுதிக்கொண்டு வந்தான். இரண்டே இரண்டு முறை வந்தவன், அதில் ஒருமுறை பஸ்ஸிலேயே தூங்கிவிட்டான். மாட்டேன் என்றேன். அன்று ராத்திரி அவன் அம்மா ஃபோன் செய்து, ஒரு கையெழுத்தில் உங்களுக்கு என்ன போய்விடும் என்றார். ஒன்றும் போகாது, ஆனால் மூன்று வருஷம் வாராவாரம் வந்த பிள்ளைக்கு அதே ஃபாரத்தில் நான் என்ன எழுதுவது என்று கேட்டேன். வைத்துவிட்டார்.

அதே மாதம் இன்னொரு பையன். கிளப்பில் இல்லை. ஃபாரத்தை வெறுமையாகவே கொண்டுவந்து, எனக்கு ஒன்றும் இல்லை மேம், இந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டான். பள்ளி விட்டதும் எங்கே போகிறாய் என்றேன். வீட்டுக்கு, ஆயாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருஷமாகிறது, அம்மா வேலையிலிருந்து ஏழு மணிக்குத்தான் வருவார், அதுவரை அவன்தான் சோறு ஊட்டி, துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைக்கிறான். அது சேவை இல்லையாம், வீட்டு வேலையாம்! நான் அந்த ஃபாரத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதிக் கொடுத்தேன். விதிப்படி சரியா என்று எனக்குக் கவலை இல்லை.

சான்றிதழே வேண்டாம் என்று சொல்பவள் இல்லை நான். நம் நாட்டில் இளைஞர்களுக்குப் பிரசிடென்ட்ஸ் அவார்டு என்று ஒன்று இருக்கிறது, பதினான்கு வயதிலிருந்து சேரலாம். அதில் வெண்கலத்துக்குக் குறைந்தது 3 மாதம், வெள்ளிக்கு 6, தங்கத்துக்கு 12 மாதம் என்று, வாரத்துக்கு ஒரு மணி நேரம் போலத் தொடர்ந்து செய்ய வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து முடிக்க வழியில்லை. யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள்.

2024 ஜூன் 3-ஆம் தேதி எங்கள் ஊரில் சூறாவளி அடித்ததே, அதைச் சொல்லாமல் போக முடியாது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்புதான், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தண்ணீர் நிலையம் உடைந்து மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லாமல் டாங்கர் பின்னால் வாளியோடு நின்றிருந்தோம். இந்த முறை கூரையே போயிற்று, உயிர்களும் போயின. பிள்ளைகள் அன்றைக்கே போகிறோம் என்று துடித்தார்கள். நான் விடவில்லை, அறுந்த கரண்டு கம்பியும் தகரமும் கிடக்கும் இடத்தில் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு என்ன வேலை? என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் ஒரு ஹாலில் துணி பிரிக்கும் வேலைக்குக் கூட்டிப்போனேன். கூரை உயரத்துக்குத் துணி மலை. ஒற்றைச் செருப்பு, கறை பிடித்த தலையணை, ஜிப் போன ஜீன்ஸ், ஒரு ஜரிகை வைத்த கல்யாணக் கவுன். ஜூன் குளிரில் வீடில்லாதவர்களுக்குக் கல்யாணக் கவுன்! ஒரு பெண் துணியைப் பிரித்துக்கொண்டே, 'மேம், இது கொடுத்ததா, கழித்ததா?' என்று கேட்டாள். பாதியை நாங்கள் குப்பைக்குத்தான் கட்டினோம். அன்று மாலை வீட்டுக்குப் போய் நான் கொடுக்க எடுத்து வைத்திருந்த பையைத் திறந்து பார்த்து, இரண்டு புடவையை வெளியே எடுத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெற்றோர் கேட்கிற கேள்விகளுக்கு வருகிறேன். எப்படி அனுப்புவது, பயமாக இருக்கிறதே என்பார்கள். பயம் நியாயம். அதனால் இரண்டேகால் மணிக்குப் பள்ளியிலிருந்து சேர்ந்து கிளம்புவோம், கூட இரண்டு பெரியவர்கள், நாலு மணிக்குத் திரும்பிவிடுவோம், ஜூன் ஜூலையில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். டாக்ஸிக்குக் காசில்லாத பிள்ளைகளுக்கு ஒரு டப்பா வைத்திருக்கிறோம், யார் எடுத்தார்கள் என்று எழுதுவதில்லை.

இந்த வியாழக்கிழமையும் போகிறோம். கேட்கிறவர்களில் யாராவது ஏதாவது அனுப்ப நினைத்தால், தயவுசெய்து போர்வை வேண்டாம். நகவெட்டி அனுப்புங்கள். பெரிய சைஸ், பிடி நல்ல அழுத்தமாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், சின்னது வயசானவர்கள் நகத்துக்கு இரண்டு வாரம்கூடத் தாங்குவதில்லை.