மலை ரயில் தடத்துல செஸ்னா: ஜி.பி.எஸ். பாதையை ஃப்ளைட் சிமுலேட்டர்ல தானா பறக்க வெக்கறது எப்படி?

[திரையில்: மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரையிலான வரைபடம். மலை ரயில் பாதை சிவப்புக் கோடாக மேலேறுகிறது.]

வணக்கமுங்க. காலையில மேட்டுப்பாளையத்துல கிளம்புற மலை ரயில் ஊட்டி போய்ச் சேர கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரமாகும். தூரம் 46 கிலோமீட்டர், வளைவு 208, குகை 16. ஜன்னலோரமா உக்காந்து போன்ல தடம் பதியுற ஆப்பை ஓட விட்டீங்கன்னா, நொடிக்கு ஒரு புள்ளின்னு ஏறத்தாழ 18,000 புள்ளி பதிஞ்சிருக்கும். அந்தத் தடத்து மேல சிமுலேட்டர்ல, அதாவது கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டற மென்பொருள்ல, செஸ்னா 172ங்கற சின்ன விமானம் தானாப் பறக்கணும். அதைத்தான் இன்னைக்குச் செய்யப் போறோம்.

[திரையில்: ஜி.பி.எக்ஸ். கோப்பு எழுத்தாகத் திறக்கிறது.]

ஆப் குடுக்கறது ஜி.பி.எக்ஸ். கோப்பு. நோட்பேடுலயே திறந்து படிக்கலாமுங்க. ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, மீட்டர்ல உயரம், பதிஞ்ச நேரம் இருக்கும். சிமுலேட்டர் இதை அப்படியே வாங்கிக்காது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு பி.எல்.என். கோப்பு வேணும், எக்ஸ்-பிளேன்ங்கற இன்னொரு சிமுலேட்டருக்கு எஃப்.எம்.எஸ். கோப்பு வேணும்.

கோப்பை மாத்தறது சுலபம். பெரிய வேலை புள்ளிகளைக் கழிக்கறதுதான்.

[திரையில்: மேலிருந்து பார்த்த கொண்டை ஊசி வளைவு. அதன் மேல் விமானம் திரும்பும் பெரிய வட்டம் வரையப்படுகிறது.]

ஏன்னு பாருங்க. விமானம் வழக்கமாத் திரும்பற வேகம் நொடிக்கு 3 டிகிரி. முழு வட்டம் போட ரெண்டு நிமிஷம். 100 நாட் (மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்துல அந்த வட்டத்தோட அகலம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ரயிலோ நூறு, இருநூறு மீட்டர்லயே வளைஞ்சு போயிரும். அத்தனை வளைவையும் குடுத்தா, விமானத்தைத் தானா ஓட்டற ஆட்டோபைலட் ஒவ்வொரு புள்ளிக்கும் எறக்கையைச் சாய்ச்சு, அது முடியறதுக்குள்ள அடுத்ததுக்கு எதிர்ப்பக்கம் சாய்ச்சு, இடமும் வலமுமா அல்லாடும். கடைசியில தடத்துல ஒரு எடத்துலகூட நிக்காது.

குகை வேற இருக்குங்க. உள்ள போனதும் சிக்னல் போயிரும். வெளிய வந்ததும் சில ஆப் நேர்க்கோடு போட்டு ஒட்டிரும், சிலது பக்கத்து மலைச்சரிவுல ரெண்டு மூணு புள்ளியைத் தெறிக்க விட்டிரும். தெறிச்சதையெல்லாம் முதல்லயே கண்ணால பாத்து எடுத்துருங்க. இதை மட்டும் கருவிகிட்ட விடாதீங்க.

[திரையில்: சிவப்புக் கோட்டில் புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்து, சில மட்டும் மிஞ்சுகின்றன.]

மிச்சத்தைக் கழிக்க ஜி.பி.எஸ்.பேபல்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுல சிம்ப்ளிஃபைங்கற வடிகட்டியை எடுத்துக்குங்க. கோடு அசல் தடத்தை விட்டு எவ்வளவு தூரம் விலகலாம்னு அது கேக்கும். அரை கிலோமீட்டர்னு குடுங்க. தடத்தோட வடிவத்துக்கு எந்தப் புள்ளி அவசியமோ அது மட்டும் நிக்கும். பொறவு, ரெண்டு புள்ளிக்கு நடுவுல குறைஞ்சது 3 கிலோமீட்டராவது இருக்குதான்னு பாத்து, நெருக்கமா இருக்கறதைக் கையாலயே எடுங்க. பத்துப் பதினஞ்சு புள்ளி மிஞ்சினாப் போதும். கல்லாறு, குன்னூர், ஊட்டி மூணும் அதுல இருக்கோணும்.

அடுத்து லிட்டில் நேவ்மேப், பறக்கற திட்டம் போடற மென்பொருள். இதுவும் இலவசம்தான். ஜி.பி.எக்ஸ். கோப்பைத் தடமாத் திறந்துட்டு, அது மேலயே வலது கிளிக் பண்ணிப் புள்ளியைப் பறக்கற திட்டத்துல சேர்த்துக்கலாம். ஊட்டியில விமான நிலையம் இல்லை. அதனால கிளம்பறதும் எறங்கறதும் பீளமேடு, அதாவது கோயமுத்தூர் விமான நிலையம்தான். முடிஞ்சதும் உங்க சிமுலேட்டருக்குத் தக்க கோப்பாச் சேமிச்சுக்குங்க.

[திரையில்: பீளமேடு, மேட்டுப்பாளையம், குன்னூர், தொட்டபெட்டா பக்கவாட்டு உயரப் படம்.]

இப்ப உயரம். பக்கவாட்டுல பாதை தப்பினா காட்சிதான் மாறும், உயரம் தப்பினா மலையில மோதும். இங்க சித்த நிதானமாப் பாக்கோணுமுங்க.

ஜி.பி.எஸ். பூமியை ஒரு சீரான, துருவத்துல கொஞ்சம் தட்டையான கோளமாக் கணக்கு வெச்சுத்தான் உயரத்தைச் சொல்லுது. நெசக் கடல் மட்டம் அந்தக் கோளத்தோட ஒத்துப் போகாது. உலகத்துலயே ரெண்டும் அதிகமா விலகற எடம் இந்தியாவுக்குத் தெக்கே, இந்தியப் பெருங்கடல்ல இருக்கு. அங்க கடல் மட்டம் 100 மீட்டருக்கு மேல தாழ்ந்திருக்கு. நம்ம கொங்குப் பக்கத்துலயும் அந்த வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர், அதாவது 300 அடி. சில ஆப் இதைத் திருத்திக் குடுக்கும், சிலது குடுக்காது. திருத்தாத கோப்புல கோயமுத்தூர் 411 மீட்டருக்குப் பதிலா 320 சொச்சம்னு காட்டும். மலையும் அதே அளவு குட்டையாத்தான் தெரியும். அதனால ஜி.பி.எக்ஸ். உயரத்தைத் தூக்கி ஓரமா வெச்சிட்டு, உயரத்தை நாமளே போட்டுக்கலாம்.

குன்னூரைத் தாண்டினா வலது பக்கம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர், சுமார் 8,650 அடி. அதனால 10,500 அடி வெச்சுக்குங்க. பீளமேடு 1,300 அடியில இருக்கு. ஏற வேண்டியது 9,200 அடி. செஸ்னா கீழ நல்லா ஏறும், மேல போகப் போகத் திணறும். சராசரியா நிமிஷத்துக்கு 450 அடின்னு வெச்சாலும் 20 நிமிஷம். 80 நாட்ல அது கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். பீளமேட்டுல இருந்து மேட்டுப்பாளையம் வழியா குன்னூருக்கே அவ்வளவுதான் தூரம். ரயில் மாதிரி மேட்டுப்பாளையத்துல ஏற ஆரம்பிச்சா பத்தவே பத்தாது. ஓடுபாதையை விட்டதும் ஏறத் தொடங்குங்க. அன்னூர், காரமடைச் சமவெளியில ஒரு சுத்து சுத்தற மாதிரி ரெண்டு புள்ளி சேர்த்துக்குங்க.

[திரையில்: விமானத்தின் ஜி1000 கருவித் திரை. சி.டி.ஐ. பொத்தான் அழுத்தப்பட, பச்சை ஊசி மெஜந்தா நிறமாகிறது.]

விமானத்துக்குள்ள வந்தாச்சு. திரையில ஊசி பச்சையா இருந்தா அது ரேடியோ வழிகாட்டியைப் பாத்துட்டிருக்கு. ஊசி எதைப் பாக்கோணும்னு மாத்தற சி.டி.ஐ. பொத்தானை அமுத்தி, மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) வர்ற வரைக்கும் மாத்துங்க. அப்பத்தான் அது ஜி.பி.எஸ். பாதையைப் பாக்கும். பாதையைப் பின்தொடரச் சொல்ற நேவ் பொத்தானை அமுத்தியும் விமானம் வேற எங்கியோ போகுதேன்னா முதல்ல இதைப் பாருங்க.

ஏறறதுக்கு ஆட்டோபைலட்ல எஃப்.எல்.சி. (வேகத்தை நிலையா வெச்சு ஏறற முறை) வெச்சுக்குங்க, வி.எஸ். (ஏறற வீதத்தை நிலையா வெக்கற முறை) வேண்டாம். வி.எஸ்.ல நிமிஷத்துக்கு 700 அடின்னு சொன்னா, 9,000 அடியில இன்ஜினுக்குத் தெம்பு இல்லாதப்பவும் ஆட்டோபைலட் மூக்கைத் தூக்கிட்டே இருக்கும், வேகம் செத்துப் போயி ஸ்டால் ஆயிரும், அதாவது எறக்கை தாங்காம விமானம் கீழ விழும். எஃப்.எல்.சி. வேகத்தைப் புடிச்சுக்கிட்டு, ஏற முடிஞ்ச அளவுக்குத்தான் ஏறும். இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கற திராட்டில் மட்டும் உங்க கையில. 172ல அதை ஆட்டோபைலட் தொடாது.

நேவ் முறையில காத்துக்கு ஈடு குடுத்துத் தடத்தை விடாமப் போகும். ஆனி, ஆடியில நெச வானிலையைப் போட்டுப் பறந்தா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து, உடுமலை, பல்லடம் பக்கம் காத்தாலைகளைச் சுத்த வெக்கற அதே காத்து, விமானத்தைக் கெழக்கால தள்ளும். மூக்கு ஒரு பக்கமும் போற பாதை ஒரு பக்கமுமா இருக்கும். அது சரிதானுங்க, கை வெக்காதீங்க.

எறங்கறதை நேவ் பாத்துக்காது. ஊட்டியைச் சுத்தித் திரும்பி, மேட்டுப்பாளையம் கண்ணுக்குக் கீழ வர்ற வரைக்கும் 10,500ஐ விடாதீங்க. அதுக்கப்பறம் நிமிஷத்துக்கு 500 அடின்னு எறக்கி, அன்னூர், அவிநாசி வழியாச் சுத்தி ஓடுபாதை 23க்கு வாங்க.

[திரையில்: பண்ணாரி முதல் திம்பம் வரையிலான சாலை.]

திம்பம் மலைப்பாதையோட 27 கொண்டை ஊசி வளைவும் இதே அரைக் கிலோமீட்டர் வடிகட்டியில ரெண்டு மூணு புள்ளியா அடங்கிரும். ஆழியாறு, வால்பாறைத் தடத்துல 40 வளைவு. அங்க ஆழியாறு அணைக்கு மேலயே சுத்தி உயரம் எடுத்துட்டு உள்ள போங்க.