பசியில்லாத மீனுக்குத் தூண்டில்

வணக்கம் நேயர்களே.

நம் ஊர் மீன் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று எழுதி விற்பது காலா மீன். ருசியான மீன்தான், ஆனால் இன்று நாம் பேசப்போகும் சால்மனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது அட்லாண்டிக் சால்மன். நார்வே ஆறுகளில் பிறந்து, சில ஆண்டுகள் ஆற்றிலேயே வளர்ந்து, பிறகு கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும் மீன். அப்படித் திரும்பி நன்னீரில் நுழைந்த பிறகு அது இரை தேடுவதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பை வைத்தே மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறது.

பசியில்லாத மீன் முன்னால் இறகும் முடியும் கட்டிய போலிப் பூச்சியை நீட்டுவதுதான் சால்மன் ஃப்ளை ஃபிஷிங். 'ஃப்ளை' என்று பெயர் இருந்தாலும் சால்மனுக்குக் கட்டுவது பெரும்பாலும் ஈயைப் போலவே இருக்காது. மீன் எரிச்சலில் வாயைத் திறக்கலாம், பழைய பழக்கத்தில் திறக்கலாம். எப்படி இருந்தாலும், ஃப்ளை எந்த ஆழத்தில் என்ன வேகத்தில் கடக்கிறது என்பதே முக்கியம். நிறமும் வடிவமும் அதற்கு அடுத்துதான். ஆற்றில் கூட வரும் வழிகாட்டியான கைடு நாள் முழுக்கத் திருத்துவதும் ஆழத்தையும் வேகத்தையும்தான்.

கௌலா ஆற்றை எடுத்துக்கொள்வோம். ட்ரொண்டைம் நகரத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது, சுமார் 150 கிலோமீட்டர் நீளம். அணை கட்டாத ஆறு என்பதால் மழை பெய்தால் மளமளவென்று ஏறும், வெயில் அடித்தால் வற்றும். நடுவில் கௌல்ஃபொஸ்ஸன் என்ற குறுகிய பாறைப் பிளவு இருக்கிறது. பனி உருகி வரும் குளிர்ந்த வெள்ளத்தில் மீன்கள் அதைத் தாண்டத் தயங்கிக் கீழேயே நிற்கும். அதனால் ஜூன் தொடக்கத்தில் போகிறவர்கள் பிளவுக்குக் கீழே இடம் கேட்க வேண்டும். தண்ணீர் தணிந்து சூடேறிய பிறகுதான் மேல் பகுதிக்கு மதிப்பு.

பயணத்துக்குப் பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் விதிகளைப் பாருங்கள். 2021-இல் நார்வே, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களைக் குறிக்கும் தன் செம்பட்டியலில் சால்மனை 'அச்சுறுத்தலை நெருங்கும் இனம்' என்று சேர்த்தது. 2024 ஜூன் 23 அன்று, மீன் வரத்து மிகக் குறைந்ததால், பருவத்தின் நடுவிலேயே 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பை நிறுத்தினார்கள். கௌலாவும் அதில் ஒன்று. மூடினால் பணம் திரும்புமா என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

18 வயது தாண்டியவர்கள் அரசுக்கு மீன்பிடிக் கட்டணம் கட்ட வேண்டும். அது தவிர, ஆற்றங்கரை நிலத்துக்காரரிடம்தான் மீன்பிடி உரிமை இருப்பதால், அந்தப் பகுதிக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். மூன்றாவது, கிருமிநீக்கச் சான்று. கைரோடாக்டிலஸ் சலாரிஸ் என்று ஓர் ஒட்டுண்ணி. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். 1970-களில் நார்வேக்குள் நுழைந்து, பல ஆறுகளில் குஞ்சு மீன்களை அடியோடு அழித்தது. ஈரமான பொருளில் ஒட்டி ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் போகும். பூட்ஸையும் வலையையும் கழுவுகிறவர்கள் ரீலை மறந்துவிடுவதுண்டு. ரீலில் சுற்றிய நூலின் உள் அடுக்குகள் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அதையும் அவிழ்த்துக் கிருமிநீக்க வேண்டும்.

கருவிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 13 முதல் 15 அடி நீளமுள்ள, இரண்டு கையால் பிடிக்கும் கோல். 10 முதல் 12 மீட்டர் நீள எறிநூல். அதன் நுனியில் 0.40 மில்லிமீட்டர் அளவுள்ள தங்கூசி நரம்பு. ரீலில், மீன் ஓடும்போது எறிநூலுக்குப் பின்னால் விட்டுக்கொடுக்கக் குறைந்தது 150 மீட்டர் பின்நூல். மார்பு வரை நீர் புகாத 'வேடர்' என்ற கால்சட்டை, இறுக்கமான இடுப்பு வார், ஆணி பதித்த பூட்ஸ், ஊன்றுகோல், உயிர்காப்பு உடுப்பு. இடுப்பு வார் இல்லாமல் தவறி விழுந்தால் வேடருக்குள் தண்ணீர் நிரம்பும். பிறகு எழுந்து நிற்பதே பாடு.

ஃப்ளையில் ஒன்றை மட்டும் விளக்குகிறேன். நார்வேயில் குழாய் ஃப்ளைதான் அதிகம். பிளாஸ்டிக்கிலோ பித்தளையிலோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் குழாய். அதன் மேல் இறகும் முடியும் கட்டியிருக்கும். நரம்பு குழாய்க்குள் புகுந்து வந்து பின்னால் முள்ளில் முடிச்சாகும். மீன் மாட்டியதும் குழாய் நரம்பின் மேல் வழுக்கி ஏறிவிடும், வாயில் சிறிய முள் மட்டுமே நிற்கும். அந்த நீளமே முள்ளோடு ஒட்டியிருந்தால், மீன் தலையை உதறும்போது நெம்புகோல் மாதிரி முள்ளைக் கழற்றிவிடும். முள் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். விடுவிக்கும்போது மீனின் வாய் கிழியாது.

கைடு காலையில் முதலில் பார்ப்பது வெப்பமானியை. தண்ணீர் 8 டிகிரிக்குக் கீழ் என்றால் அமிழும் நூல், கனமான குழாய், மெதுவான ஓட்டம். 12 டிகிரி தாண்டினால் மிதக்கும் நூல், சின்ன ஃப்ளை, கொஞ்சம் வேகம். 18-ஐத் தொட்டால் விடுவித்த மீன் பிழைப்பது கடினமாகத் தொடங்குகிறது. 20 ஆனால் கோலை மடக்கி வைப்பதுதான் நியாயம். அடுத்து கரையோரக் கல் ஒன்றை அடையாளம் வைத்து நீர்மட்டம் பார்ப்பார். ஏறும் தண்ணீரில் சருகும் கலங்கலும் வரும், மீன் நகர்ந்துகொண்டே இருக்கும், கடிக்காது. தணிந்து தெளியத் தொடங்கும் முதல் நாள்தான் பொன்னான நேரம்.

இனி மடுவில் இறங்குவோம். முதல் தவறு, இறங்குவதே. மீன் முழங்கால் ஆழத்திலும் நிற்கும். அதனால் முதல் எறிகள் கரையிலிருந்தே, குட்டையான நூலில் போக வேண்டும். எறிவதில் மேல் கையின் பலம் தேவையில்லை. கீழ்க் கை கோலின் அடியைத் தன் வயிற்றை நோக்கி இழுக்கிறது, மேல் கை அச்சு மாதிரி நிற்கிறது. நூலைத் தண்ணீரில் ஒரு தரம் படவைத்து எறியும் முறைக்கு ஸ்பே என்று பெயர். காற்று ஆற்றோட்டத்தோடு கீழ்நோக்கி அடித்தால் டபுள் ஸ்பே, ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி அடித்தால் சிங்கிள் ஸ்பே. மாற்றிச் செய்தால் முள் முகத்தில் பாயும். கண்ணாடி இல்லாமல் எறியவே கூடாது.

நீரோட்டத்துக்குக் குறுக்காக, கீழ்நோக்கி 45 டிகிரியில் எறிய வேண்டும். நேர் குறுக்கே எறிந்தால் நடு ஓட்டம் நூலை வில்லாக வளைத்து, ஃப்ளையைச் சாட்டை மாதிரி இழுத்துக்கொண்டு ஓடும். மீன் அதைப் பார்க்கும், எழாது. விழுந்த உடனே நூலை மேல்நோக்கி ஒரு தரம் தூக்கிப் போட்டால் வேகம் குறையும். ஓட்டம் மந்தமான இடத்தில் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்: குறுக்கே எறிந்து வில்லை வளைய விடுங்கள், ஃப்ளைக்கு உயிர் வரும். அரைவட்டமாக வந்து நமக்கு நேர் கீழே நின்ற பிறகு ஐந்து விநாடி காத்திருந்து, இரண்டு மூன்று இழுப்பு இழுத்து, இரண்டு எட்டு கீழே நகர்ந்து, மறுபடி எறிவது. இப்படி மடுவின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை. கால்மாட்டை அவசரமாகக் கடக்காதீர்கள். சலசலப்பு ஏறி வந்த மீன் மூச்சு வாங்க முதலில் நிற்பது அங்கேதான்.

நகராமல் ஒரே இடத்தில் நின்று எறிகிறவர் பின்னால் வருகிறவரின் நேரத்தையும் தின்கிறார். ஒருவர் முப்பது நாற்பது மீட்டர் இறங்கிய பின் அடுத்தவர் தலைமாட்டில் தொடங்குவது அங்கே எழுதாத சட்டம்.

மீன் ஃப்ளையை வாயில் எடுக்கும் அந்த நொடியில்தான் பெரும்பாலான மீன்கள் தப்புகின்றன. சால்மன் ஃப்ளையை வாயில் கவ்வித் திரும்புகிறது. அந்தத் திரும்பலில்தான் முள் வாயின் மூலையில் ஏறும். நம் ஊரில் தக்கை அமிழ்ந்ததும் சுண்டி இழுத்துப் பழகிய கை, இங்கேயும் சுண்டும். திறந்த வாயிலிருந்து ஃப்ளை வெளியே வந்துவிடும். எதுவும் செய்யக் கூடாது. ரீல் தானே நூல் விடட்டும். கனம் நிலையாக விழுந்த பிறகு கோலை நிதானமாக உயர்த்துங்கள். அதற்குப் பிறகு தயங்காமல் பலமாகப் பிடியுங்கள். போராட்டம் நீள நீள மீன் சாகும்.

முடிச்சில்லாத ரப்பர் வலையில், தண்ணீருக்குள்ளேயே வையுங்கள். கையை நனைத்த பிறகே தொட வேண்டும். வால் அடியைக் கவனமாகப் பாருங்கள்: பின்துடுப்புக்குப் பக்கத்தில் பழுப்பு நிறக் கடல் பேன்கள், அவற்றிலிருந்து தொங்கும் இரண்டு வெள்ளை முட்டைச் சரங்கள். சரம் இன்னும் தொங்கினால் அந்த மீன் கடலை விட்டு வந்து ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும். நன்னீரில் முதலில் உதிர்வது அதுதான். துடுப்பு தேய்ந்து, வால் நுனி மழுங்கியிருந்தால் பண்ணையிலிருந்து தப்பிய மீனாக இருக்கலாம், கைடிடம் காட்டுங்கள். ஒரு மீட்டர் நீளம் என்றால் சுமார் 10 கிலோ, தராசு வேண்டாம்.

முள்ளைக் கழற்றியதும் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, ஒரு கையால் வால் கணுவையும் மறு கையால் வயிற்றடியையும் தாங்குங்கள். செவுளில் விரல் படக் கூடாது. முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். ஓடும் தண்ணீரே செவுளுக்குள் போகும். செவுள் மூடி ஒரே தாளத்தில் திறந்து மூடத் தொடங்கும், முதுகு தானே நிமிரும், கைக்குள் வால் ஒரு தரம் இறுகும். அப்போது விரல்களைத் திறந்தால் போதும். பிறகு முள்முனையை நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் தீட்டுங்கள். நரம்பில் சிராய்ப்பு இருந்தால் அந்த ஒரு மீட்டரை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். அடுத்த எறி உங்களுடையது அல்ல. மடுவைக் காத்திருப்பவருக்கு விட்டுவிட்டு வரிசையின் கடைசியில் போய் நில்லுங்கள்.

நன்றி, வணக்கம்.