இடம் மாறினால் உயிரினங்களும் மாறும்

அவையோருக்கு வணக்கம். ஒரு காட்டில் எத்தனை வகை மரங்கள் இருக்கின்றன என்று கேட்பவர்கள் பலர். அந்தக் காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குப் போகும்போது அவற்றில் எத்தனை மாறிவிடுகின்றன என்று கேட்பவர்கள் சிலரே. இந்த இரண்டாம் கேள்விதான் முதன்மையானது என்பது என் உறுதியான எண்ணம்.

1802ஆம் ஆண்டில் ஆண்டிஸ் மலைத்தொடரின் சிம்போராசோ சிகரத்தை நோக்கி ஏறிய ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட், உயரம் கூடக்கூடத் தாவரங்கள் பட்டை பட்டையாக மாறுவதைக் கண்டார். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. ஆகவே இந்த மாற்றம் வியப்புக்குரியதன்று. ஆனால் அந்தப் பட்டைகளுக்கு உண்மையில் எல்லை உண்டா? உயிரினச் சமூகம் முழுவதும் ஓர் உடலைப் போல ஒன்றாக இயங்குகிறது என்றார் அமெரிக்கத் தாவர ஆய்வாளர் கிளமென்ட்ஸ். ஒவ்வோர் இனமும் தன் தேவைக்கேற்பத் தனித்தே பரவுகிறது என்று 1926இல் மற்றோர் அமெரிக்கத் தாவர ஆய்வாளரான கிளீசன் மறுத்தார். பின்னர் அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளில் உயரத்தையும் ஈரத்தையும் வைத்து மரங்களை எண்ணிய சூழலியல் ஆய்வாளர் விட்டேக்கர், ஒவ்வோர் இனமும் வெவ்வேறு இடத்தில் பெருகி, வெவ்வேறு இடத்தில் அருகுவதைக் காட்டியபோது, கிளீசன் பக்கமே வலுப்பெற்றது.

தட்பவெப்பம் மட்டுமே எல்லையை வகுப்பதில்லை. ஸ்காட்லாந்தின் கடற்கரைப் பாறைகளில் மேற்பகுதியில் தாமலஸ் என்னும் சிறிய கொட்டலசும் (ஓடுடைய சிறு கடலுயிரி), கீழே பலானஸ் என்னும் பெரிய கொட்டலசும் ஒட்டி வாழ்கின்றன. கானல் என்ற ஆய்வாளர் கீழ்ப்பகுதியில் பலானஸை அகற்றிப் பார்த்தபோது, தாமலஸ் அங்கும் நன்றாகவே வளர்ந்தது. அகற்றாத இடங்களில் பலானஸ் அதன்மேல் படர்ந்தும், அடியில் நுழைந்து பெயர்த்தும் அதை ஒழித்தது. பலானஸ் மேலே பரவாததற்கு நீர் வடிந்தபின் தாக்கும் உலர்வும் வெயிலும் காரணம். ஒரே பாறையில் மேல் எல்லையைச் சூழலும் கீழ் எல்லையைப் போட்டியும் வகுத்திருப்பதை அந்த ஆய்வு கண்முன் நிறுத்துகிறது.

இடங்களுக்கிடையிலான இந்த வேறுபாட்டுக்கு 1960இல் விட்டேக்கர் பீட்டா பன்மை என்று பெயரிட்டார். அதை அளக்க எளிய வழி உண்டு. இரண்டு இடங்களில் தலா 20 இனங்கள் இருந்து, 5 மட்டுமே பொதுவானவை என்றால், மொத்தம் 35இல் 5, அதாவது ஏழில் ஒரு பங்கே ஒற்றுமை. இங்கே இனங்கள் இடம் மாற மாற வேறு இனங்களுக்கு வழிவிடுகின்றன. இன்னொரு சூழ்நிலையில், ஓர் இடத்தில் 20 இனங்களும், மற்றோர் இடத்தில் அவற்றுள்ளேயே 8 மட்டும் இருக்கலாம். இங்கே வேறுபாடு வெறும் இழப்பால் வருகிறது. இரண்டையும் ஒன்றாகக் கருதுவது பெரும் பிழை. பின்னதில் வளமான ஓர் இடத்தைக் காத்தாலே 20 இனங்களும் காக்கப்படும். முன்னதில் எந்த ஓர் இடத்தைக் கைவிட்டாலும் அங்கே மட்டும் வாழும் 15 இனங்கள் பாதுகாப்பை இழக்கும். எனவே, அதிக இனங்கள் உள்ள ஓரிடத்தை மட்டும் தேர்ந்து வேலியிடும் திட்டங்களை நான் ஏற்பதில்லை.

எங்கும் பரவக்கூடிய சில இனங்கள் புகுந்துவிட்டால், ஒவ்வோர் இடத்தின் இன எண்ணிக்கையும் கூடும். அதே வேளையில் இடங்களுக்கிடையிலான வேறுபாடு தேயும். புவி வெப்பமடையும்போதும் சமூகம் முழுவதும் கூட்டமாக மேலேறிச் செல்வதில்லை. விரைந்து பரவும் இனங்கள் முந்துகின்றன, மெதுவாக விதை பரப்பும் மரங்கள் பின்தங்குகின்றன, இதுவரை ஒன்றையொன்று சந்தித்திராத இனங்கள் ஒரே சரிவில் அண்டை அயலாக வாழத் தொடங்குகின்றன. அதனால்தான் காப்பிடங்களைத் தனித்தனித் தீவுகளாக விடாமல், அடிவாரம் முதல் உச்சிவரை தொடர்ச்சியாக அமைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.