கீழ் ஓரத்தில் ஒரு மணிக்கட்டு

வணக்கம் நேயர்களே. போன சனிக்கிழமை கோலாலம்பூர், செந்தூலில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகளுக்கு நான்கு வயது. தாத்தாவின் டேப்லெட்டை மடியில் வைத்து ஒரு கேம் விளையாடிக்கொண்டிருந்தாள், ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேம் நின்றுபோய் வேறு ஏதோ ஒரு பக்கம் திறந்துகொண்டே இருந்தது. "மாமா, இது கெட்டுப்போச்சு" என்று என்னிடம் நீட்டினாள். கெட்டதெல்லாம் இல்லை. டேப்லெட்டைப் பிடிக்கும்போது அவள் மணிக்கட்டு திரையின் கீழ் ஓரத்தில் படுகிறது, விளம்பரமும் சரியாக அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.

இதைப் பல வருடங்களுக்கு முன்பே கவனித்து எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள். செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கச் சிறுவர் நிகழ்ச்சியைத் தயாரிக்கும் செசமி வொர்க்‌ஷாப், பாலர் வயதுப் பிள்ளைகளுக்கு டேப்லெட் கேம் எப்படிச் செய்வது என்று 2012இல் ஒரு கையேடு வெளியிட்டது. கீழ் ஓரத்தில் பொத்தான் வைக்காதீர்கள், பிள்ளையின் கை அங்கே படும் என்று அதில் இருக்கிறது. ஒரு விரலால் தொடுவதும் கோடு இழுப்பதும் பிள்ளைக்குத் தானாக வந்துவிடும். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவது, அடுத்தடுத்து இரண்டு தட்டு தட்டுவது எல்லாம் அந்த வயதில் சிரமம். பிள்ளைகளின் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் இது தெரியும்.

அப்புறம் பணம். இங்கிலாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான பிபிசி, சின்னப் பிள்ளைகளுக்கான தன் சிபீபீஸ் சேனலுக்காக 2013இல் பிளேடைம் என்ற செயலியைக் கொண்டுவந்தது. இலவசம், விளம்பரம் கிடையாது, உள்ளே வாங்குவதற்கும் எதுவும் கிடையாது. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸின் பிபிஎஸ் கிட்ஸ் கேம்ஸ் செயலியும் அப்படித்தான், இணையம் இல்லாத இடத்திலும் விளையாடலாம். பிள்ளையிடமிருந்து காசு வர வேண்டிய கட்டாயம் இல்லாததால் அங்கே கேமை நிம்மதியாக முடித்துவிட்டு எழுந்து போகலாம். இன்னொரு பக்கம் என்ன நடந்தது? பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகள் கேமுக்குள் வாங்கிய பொருள்களுக்காக, ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரைத் திருப்பித் தர 2014இல் ஒத்துக்கொண்டது. தனியார் சேனல்களுக்கும் பிழைப்பு வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. விலையைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லி ஒருமுறை வாங்கிக்கொள்ளட்டும், நான்கு வயதுப் பிள்ளையிடம் கடை விரிக்க வேண்டாம்.

நம் மலேசியாவிலும் சேனல்காரர்கள் கேம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். டிவி3 சேனலில் எஜென் அலி என்ற கார்ட்டூன் தொடர் வந்த 2016ஆம் ஆண்டிலேயே அந்தச் சேனலை நடத்தும் மீடியா பிரிமா அதைக் கைப்பேசி கேமாகவும் கொண்டுவந்தது, எதிரி கண்ணில் படாமல் பதுங்கிப் பதுங்கிப் போக வேண்டும். மலாய் கார்ட்டூனில் வரும் உப்பின் இப்பின், போபோய்போய் எல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. மலாய் அவர்களுக்கு அப்படி விளையாட்டாகவே வந்துவிடுகிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

தமிழ் மட்டும் ஏன் அப்படி வரவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு கேம் முழுக்கக் குரல்தானே, "அந்த நீல மீனைத் தொடு கண்ணு" என்று ஒருவர் சொன்னால் போதும், பிள்ளை தொட்டுவிடும். இந்த நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, நம் தமிழ்ச் சேனல்களில் குரல் கொடுப்பவர்களும் ஒலிப்பதிவுக் கூடமும் இருக்கின்றன. சேனல்காரர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், பெரிதாக எதுவும் வேண்டாம், மூன்று சின்ன கேம் செய்து ஒரு பாலர் பள்ளியில் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அன்றைக்கு அந்த விளம்பர கேமை அழித்துவிட்டு, பிபிஎஸ் கிட்ஸை ஏற்றிக் கொடுத்தேன். உள்ளே இருந்த பொம்மை ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. இவள் திரையைப் பார்த்து, "இரு, வரேன்" என்றாள்.