வெந்நீர்க் கெட்டிலும் ஒரு மார்கழிக் காலையும்

எல்லோருக்கும் வணக்கம். எந்தக் கருவியையும் விற்க வரவில்லை, பயப்படாமல் உட்காருங்கள். ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்கள் நலமா என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வதைப் பற்றித்தான் பேச்சு.

ஜப்பானில் ஸோஜிருஷி கம்பெனி 2001இல் ஒரு வெந்நீர்க் கெட்டிலைக் கொண்டுவந்தது. பெயர் ஐ-பாட். அதே வருஷம் வந்த பாட்டுக் கேட்கிற ஐபாட் வேறு, இது டீக்கு வெந்நீர் பிடிக்கிற பாட். தனியாக இருக்கும் பெரியவர் எப்போது வெந்நீர் பிடித்தார் என்ற விவரம் நாளைக்கு இரண்டு முறை மின்னஞ்சலில் பிள்ளைக்குப் போகும். கேமரா கிடையாது. கையில் பட்டை கட்ட வேண்டாம். அவர் வழக்கம்போல டீ குடித்தால் சரி. இதைவிட நாகரிகமான யோசனையை நான் இன்னும் பார்க்கவில்லை.

கும்பகோணத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கும் அதே வழிதான். சமையலறையில் நடமாட்டம் அறியும் சென்சார் ஒன்று, வாசல் கதவு திறப்பதை அறியும் காந்த சென்சார் ஒன்று. முதல் வாரம் சமையலறை சென்சார்மேல் ஈரத்துண்டு தொங்கியது. "சிவப்பா கண்ணு சிமிட்டுதுடா" என்றாள். சென்சாரின் அந்தச் சிவப்பு விளக்கை அணைத்தபின் துண்டு இறங்கியது.

தகவல் போகிற விதத்தைச் சொல்ல வேண்டும். எம்க்யூடிடி என்று ஒரு முறை. 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது. தெருமுனைக் கரும்பலகை மாதிரி என்று வையுங்கள். 'சமையலறையில் ஆள்' என்று சென்சார் எழுதிவிட்டுப் போய்விடும். யார் படிக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. படிப்பது 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள். வீட்டிலேயே, உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கணினியில் ஓடுகிறது.

ஏழு மணிக்குள் சமையலறையில் ஆள் இல்லையென்றால் எனக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் செய்தி. இதுதான் அந்த மென்பொருளில் நான் எழுதிய விதி. மார்கழி முதல் தேதி செய்தி வந்துவிட்டது! அக்கா ஓடிப்போய்க் கதவைத் தட்டுகிறார், நான் சென்னையில் பஸ் தேடுகிறேன். அம்மா தொன்னையில் பொங்கலோடு தெருமுனையில் வருகிறாள். நாலரைக்கே கோயிலுக்குப் போயிருக்கிறாள். கதவு திறந்ததைக் காந்தம் பலகையில் எழுதித்தான் வைத்திருந்தது, என் விதிதான் அதைப் படிக்கவில்லை.

அன்று சென்சாரைத் தொடவில்லை, ஊருக்கும் போகவில்லை. விதியில் மட்டும் இரண்டு வரி சேர்த்தேன்: கதவு திறந்து மூடியபின் உள்ளே அசைவே இல்லையென்றால் ஆள் வெளியே. எல்லாம் ஒரே பெட்டிக்குள் பூட்டிய கருவியாக இருந்தால் கம்பெனிக்காரனுக்கு மார்கழியை விளக்கிக்கொண்டிருந்திருப்பேன்.

பிறகு அம்மா கேட்டாள்: "நீ வீடு சேர்ந்தியான்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

அதுவும் இரண்டு வரிதான். இப்போது ராத்திரி சென்னையில் நான் கதவைத் திறந்தால் கும்பகோணத்தில் சாமி அலமாரிப் பக்கம் ஒரு சின்ன பல்பு எரிகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள்.