ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு சவுண்ட் கார்டு: எந்தக் கடிகாரத்தைக் கேட்பது?

[திரையில்: மேசை மீது ஒரு லேப்டாப், பக்கத்தில் இரண்டு ஆடியோ இன்டர்ஃபேஸ்]

வணக்கம். தைப்பூசக் காவடி நெருங்கும்போது மொரீஷியஸ் பஜனைக் குழுக்கள் பாட்டுகளைப் பதிவு செய்து வைக்க ஆசைப்படுவது இயல்பு. போர்ட் லூயிஸானாலும் ரோஸ் ஹில்லானாலும் சிக்கல் ஒன்றுதான். கையில் இருப்பது நாலு மைக் செருகும் இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வெளிச் சவுண்ட் கார்டு. பாடுபவர்கள், ஹார்மோனியம், மிருதங்கம், ஜால்ரா என்று எட்டு மைக் வேண்டும். இரவலாக இன்னொரு இன்டர்ஃபேஸ் வாங்கி அதே லேப்டாப்பில் செருகலாமா?

செருகலாம். ஆனால் அதற்கு முன் கடிகார விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

[திரையில்: இரண்டு கார்டு, இரண்டு படிகம்]

ஒலியை எப்போது அளக்க வேண்டும் என்று சொல்ல, ஒவ்வொரு கார்டுக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடிக்கிறது. இரண்டிலும் நொடிக்கு 48,000 முறை அளக்கும்படியே அமைத்திருந்தாலும் ஒன்று இம்மியளவு வேகமாக ஓடும். பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு சாம்பிள், அதாவது ஒரு அளவீடு. அற்பம்தான். ஆனால் நிறுத்தாமல் ஒரு மணி நேரம் பதிவு செய்தால் 72 மில்லிசெகண்ட் விலகியிருக்கும். மிருதங்கம் ஒரு கார்டிலும் ஜால்ரா இன்னொன்றிலும் இருந்தால் தாளம் உடைந்து கேட்கும்.

ஐந்து நிமிடப் பாட்டில் விலகல் 6 மில்லிசெகண்ட்தான். தாளம் பிசகாது. ஆனால் ஒருவர் குரல் இரண்டு கார்டின் மைக்கிலும் விழுந்தால், போகப் போகக் குரலின் நிறமே மாறிக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். எனக்கு இதுதான் பெரிய கவலை. பலர் மைக்கைக் குறை சொல்வார்கள், காரணம் கடிகாரம்.

[திரையில்: ஆப்டிகல் கேபிள் செருகும் காட்சி]

சரி, வழி என்ன? ஒரு கார்டைத் தலைவனாக்கி, மற்றதை அதன் துடிப்புக்கே நடக்க விட வேண்டும். வேர்ட் கிளாக், எஸ்பிடிஃப், ஏடாட் என்று, கடிகாரத் துடிப்பை ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் எந்த இணைப்பு இருந்தாலும் போதும். கேபிளைச் செருகிவிட்டு, இரண்டாவது கார்டின் அமைப்பில் கிளாக்கை உள்ளிருந்து (இன்டர்னல்) வெளிக்கு (எக்ஸ்டர்னல்) மாற்றுங்கள். இதை மறந்தால் கேபிள் இருந்தும் பயனில்லை.

முதல் கார்டில் ஏடாட் உள்வழி இருந்தால் இன்னொரு இன்டர்ஃபேஸே வேண்டாம். ஏடாட் கொண்ட எட்டு மைக் ப்ரீஆம்ப், அதாவது மைக் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி, ஒன்று போதும். 48,000-இல் எட்டு மைக்கும் ஒரே ஆப்டிகல் கேபிளில் வந்துவிடும். கம்ப்யூட்டருக்கு அது ஒரே கார்டு. நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

இணைப்பே இல்லாத கார்டுகளா? மேக்கில் ஆடியோ மிடி செட்டப் போய் இரண்டு கார்டையும் ஒன்றாகக் காட்டும் அக்ரிகேட் டிவைஸ் உருவாக்கி, இரண்டாவது கார்டுக்கு மட்டும், விலகலைத் திருத்தும் ட்ரிஃப்ட் கரெக்‌ஷனை டிக் செய்யுங்கள். லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயர் மென்பொருள் தானே சரிசெய்துகொள்ளும். விண்டோஸில்தான் சிரமம்: பெரும்பாலான மென்பொருள்கள் ஒரு நேரத்தில் ஒரே ஏஸியோ டிரைவரைத்தான் (கார்டை ஒலிப்பதிவு மென்பொருளோடு இணைக்கும் நிரல்) ஏற்கும். ஒரே நிறுவனத்தின் கார்டுகள் என்றால், அவர்கள் டிரைவர் இரண்டையும் சேர்த்துக் காட்டுமா என்று முதலில் பாருங்கள். ஏஸியோ4ஆல் என்ற பொது டிரைவர் வெவ்வேறு கார்டுகளையும் சேர்த்துக் காட்டும், ஆனால் கடிகாரங்களைச் சேர்க்காது.

யூஏடி-2 மாதிரி, எதிரொலி போன்ற எஃபெக்ட்களுக்கான கணக்கை மட்டும் போடும் கார்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை ஒலியை அளப்பதில்லை, கணக்கு மட்டுமே போடுகின்றன. இரண்டு மூன்று செருகினாலும் கேடில்லை.

அப்புறம், இரண்டு கார்டையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். நம் ஊரில் மூன்று முள் பிளக்கும் இரண்டு முள் பிளக்கும் கலந்தே இருக்கின்றன. வெவ்வேறு சுவரிலிருந்து மின்சாரம் எடுத்தால் எர்த் வழியாக 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறலாம். அதற்காக எர்த் முள்ளை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

[திரையில்: இரண்டு ட்ராக்குகளின் அலைகள், பெரிதாக்கி]

பதிவின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, இரண்டு கார்டின் மைக்குகளுக்கும் நடுவில் நின்று கை தட்டுங்கள். தொடக்கத் தட்டலில் இரண்டு ட்ராக்கையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திவிட்டு முடிவுத் தட்டலுக்குப் போங்கள். அதுவும் பொருந்தினால் கடிகாரம் ஒன்றாகிவிட்டது. விலகியிருந்தால், இரண்டாவது கார்டின் ட்ராக்குகள் அனைத்தையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, அந்த விலகல் அளவுக்கு நீட்டியோ சுருக்கியோ விடுங்கள்.